எதிர்வீட்டில் ஒரு சாவு: ஆங்கில வகுப்பில் மாட்டிக்கொண்ட கதைகள்

(நான்கு பேர் மாறி மாறி எழுதிய பதிவுகள்; ஒவ்வொன்றின் மேலேயும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

ஜெராய் அடிவாரம்:

மலேசியாவில், கெடாவின் பெடோங் பக்கத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள், அதனால் விளக்கமெல்லாம் வேண்டாம். 2000 இல் ஆங்கிலப் பாடத்துக்குள் இலக்கியத்தை நுழைத்தார்களே, அதற்கப்புறம் வந்த செட் நான். எமிலி டிக்கின்சனின் எதிர்வீட்டுச் சாவுக் கவிதை ஞாபகம் இருக்கிறதா? அதுதான்.

டீச்சர் கேட்டது சாதாரணக் கேள்வி. எதிர்வீட்டில் சாவு விழுந்தது கவிதை சொல்கிறவருக்கு எப்படித் தெரிந்தது? வகுப்பே கம்மென்று இருந்தது. ஆங்கில வகுப்பில் வாயே திறக்காத நான் அன்றைக்குக் கையைத் தூக்கினேன். இரண்டு வாரம் முன்னால்தான் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எதிர்வீட்டுத் தாத்தா செத்துப்போயிருந்தார். எனக்குத் தெரியாத சாவா? "டிரம் அடிப்பார்கள் டீச்சர்" என்றேன். சாவுக்கு அடிக்கும் தப்பு மேளத்துக்கு ஆங்கிலத்தில் வேறு என்ன சொல்வது? "எந்த வரியில் டிரம் இருக்கிறது, காட்டு" என்றார். முன்வரிசைப் பையன் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினான். அவ்வளவுதான், மணி அடிக்கும்வரை சிரிப்பு.

கவிதையில் டிரம் கிடையாது. டாக்டர் வண்டியேறிப் போகிறார். நெற்று வெடித்தாற்போல ஜன்னல் திறக்கிறது. யாரோ ஒரு மெத்தையை வெளியே வீசுகிறார்கள். அது இதன்மேல்தான் செத்ததோ என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகள் வேகமாகக் கடந்து போகிறார்கள். ராத்திரி திரும்பப் படிக்கும்போதுதான் உறைத்தது. தாத்தாவின் மெத்தையையும் அப்படித்தான் பின்வாசல் வழியாகத் தூக்கிப்போய் சாக்கடையோரம் போட்டார்கள். நீலக்கோடு போட்ட மெத்தை, ஒரு மூலை கிழிந்து பஞ்சு வெளியே தெரியும். காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது நானும் தம்பியும் அந்த இடத்தை ஓடித்தான் கடப்போம். பதில் என் கண்ணெதிரே கிடந்தது. அதை விட்டுவிட்டுத் தப்பைச் சொன்னேன். இன்னும் அரிக்கிறது.

பாட்டி ஊர் பெடோங்:

நான் பெடோங்கில் படித்தவன் இல்லை. பாட்டி ஊர், பள்ளி விடுமுறை விட்டால் அங்கேதான். மாநிலத்துக்கு மாநிலம் நாவல் மாறுமே, எங்களுக்கு வந்தது மலேசிய எழுத்தாளர் கே.எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்'. 1981 இல் வந்த நாவல். அதில் பெரியத்தாய்க் கிழவியிடம் ஒரு நடராஜர் சிலை இருக்கும். எங்கள் டீச்சர் சீனர், வகுப்பில் ஒரே தமிழன் நான். "நடராஜர் எப்படி இருப்பார், எழுந்து எல்லாருக்கும் சொல்" என்றார். ஆங்கிலம் வரவில்லை. காலைத் தூக்கி நின்று காட்டினேன். இடது காலா வலது காலா என்று நடுவில் சந்தேகம் வேறு, மாற்றி மாற்றி நின்றேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துப் பார்த்துப் பலகையில் வரைந்தார், ஈர்க்குச்சி மாதிரி ஓர் ஆள், சுற்றி ஒரு வட்டம்.

ஆனால் உறுத்துவது அதுவல்ல. 2020 இல் மணியம் இறந்தபோது செய்தியில் பார்க்கிறேன், பிறந்த ஊர் பெடோங்! புத்தகத்தை நாங்கள் ஒழுங்காகத் திறந்திருந்தால்தானே தெரியும்? கடையில் விற்ற சுருக்க நோட்டை மனப்பாடம் செய்தோம். சலவைக்காரர் மகன் ரவி இங்கிலாந்து வரை போய்ப் படித்துத் திரும்புகிறான், அப்பா வீடு கட்டும் ஆசையிலேயே அழிகிறார், இந்த இரண்டு வரியை எப்படிக் கேட்டாலும் எழுதுவேன். அந்த ஊர்க் கடைத்தெருவில்தான் டிசம்பர் முழுக்கக் கச்சாங் பூத்தே, அந்த வறுத்த கடலை வகைகளை, வாங்கித் தின்றுகொண்டு திரிந்திருக்கிறேன்.

சிவப்பு மை:

முதலில் எழுதியவர் தம்பியோ தங்கச்சியோ தெரியவில்லை, கோபப்படாமல் கேளுங்கள். டீச்சர் செய்ததுதான் சரி. கவிதையில் இருப்பதைத்தான் எழுத வேண்டும், நம் வீட்டில் நடந்ததை எழுதினால் மார்க் விழாது.

சுங்கைப் பட்டாணியில் 15 வருடம் டியூஷன் எடுத்தவன் நான். என் கதை ஒன்றே ஒன்று. ஒரு முறை 20 கட்டுரை திருத்தினேன், 20 பேரும் அலாரம் கடிகாரம் அடித்து எழுந்திருந்தார்கள். ஒரே நோட்டில் மனப்பாடம். அதில் பாதிப் பேர் வீட்டில் அலாரமே இல்லை, அம்மா தோட்டத்தில் காலை ஆளெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும் சத்தத்தில் எழுபவர்கள்.

இப்போது பிள்ளைகள் படிக்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். நம் காலத்து எஸ்.பி.எம். தேர்வில் (படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) 1119 என்ற ஆங்கிலத் தாளில் குறிப்புகளை வைத்து எழுதுவதற்கு 35 மார்க், 350 சொல் கட்டுரைக்கு 50. அதெல்லாம் போய்விட்டது. 2021 இலிருந்து எழுத்துத் தாளில் மூன்று பகுதி: 80 சொல்லில் மின்னஞ்சலுக்குப் பதில், 125 முதல் 150 சொல்லில் ஒன்று, 200 முதல் 250 சொல்லில் ஒன்று. பேச்சுக்கும் கேட்டலுக்கும் தனித்தனித் தாள். ஆகவே பழைய பயிற்சிப் புத்தகத்தை அண்ணன் வைத்திருந்தான் என்று தம்பிக்குக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, பொம்பாஸ்டிக் சொல் நோட்டைத் தூக்கிப் போடுங்கள். வாயில் நுழையாத சொல் நாலு எழுதிவிட்டு வினைச்சொல்லில் கோட்டை விடுகிறார்கள். நம் பிள்ளைகள் காலத்தைத் தப்பாக எழுதுவது ஏன் தெரியுமா? பள்ளியில் நாள் முழுக்க மலாய். மலாயில் நேற்றுப் போனாலும் நாளைக்குப் போனாலும் வினை அதேதான். தமிழில் அப்படியா? போனேன், போகிறேன், போவேன். காலத்தில் சந்தேகம் வந்தால் அந்த வாக்கியத்தைத் தமிழில் ஒரு தரம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், நடந்து முடிந்ததா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும். தமிழ்ப்பள்ளியில் படித்ததால் ஆங்கிலம் வராது என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். இன்னும் இருக்கிறது, நாளைக்கு எழுதுகிறேன்.

ஆறாவது லயம்:

அண்ணே, இங்கே யாரும் டியூஷன் கேட்கவில்லை. போனேன் போவேன் விஷயம் மட்டும் நல்லா இருக்கு, என் மகளுக்குச் சொல்கிறேன்.

ஆனால் வரியை மட்டும் பார் என்கிறீர்களே. செத்தவரை அந்தக் கவிதை 'அது' என்றுதான் சொல்கிறது, அது வரியில் இருப்பதுதானே? எங்கள் வகுப்பில் அது ஏன் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை, டீச்சரும் தாண்டிப் போய்விட்டார். லயத்தில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா? மூச்சு நின்ற அடுத்த நிமிடம் பெயர் போய்விடும். பொணத்தை எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க, அவ்வளவுதான்.

என் கதை புகுமுக வகுப்பில். மலாயில் மார்க் பத்தாமல் படிவம் 1க்கு முன்னால் ஒரு வருடம் உட்கார்ந்தேன். பிக்னிக் பற்றி ஒரு கட்டுரை. உண்மையில் அந்த வருடம்தான் தோட்டத்து லாரியில் துப்பா நீர்வீழ்ச்சிக்குப் போயிருந்தோம். வாளி நிறையப் புளிச்சோறு, அவித்த முட்டை. லாரியிலிருந்து இறங்கும்போது சித்தப்பா வழுக்கி வாளியோடு விழுந்தார், மேலாக இருந்த சோற்றை மட்டும் அள்ளிச் சாப்பிட்டோம். இதை எழுதினேனா? இல்லை. கடற்கரை, நீல வானம், சாண்ட்விச். அதுவரை நான் சாண்ட்விச் தின்றதே கிடையாது. நெருப்பு மூட்டிச் சாண்ட்விச்சை வேகவைத்தோம் என்று எழுதிவிட்டேன். சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. சித்தப்பா போன வருடம் தவறிவிட்டார். காரியத்தன்று எல்லாரும் அந்த வாளிக் கதையைத்தான் சொல்லிச் சிரித்தோம்.

ஜெராய் அடிவாரம்:

தங்கச்சிதான். சிவப்பு மை அண்ணன் சொல்வது புரிகிறது, ஆனால் நான் நொந்துகொண்டதே மெத்தை வரியிலேயே இருந்தது என்பதற்குத்தானே? மறுபடி படித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் நேற்று அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கவிதையை அம்மா கண்டுகொள்ளவில்லை. "எந்த மெத்தை, அந்த நீலக்கோடா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இரண்டு மூன்று நாளில் அது சாக்கடையோரத்தில் இல்லாமல் போனது எனக்கும் ஞாபகம் இருந்தது. எரித்துவிட்டார்கள் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன்.

"அது நல்ல இலவம்பஞ்சு. அப்பா ராத்திரில போய்த் தூக்கிட்டு வந்து, வெயில்ல போட்டு, புது உறை தைச்சாரு. எஸ்.பி.எம். முடிக்கிற வரைக்கும் நீ அதுலதானே படுத்துப் படிச்ச?"