சிம்மக்கல் குடும்பம்

நவம்பர் 14, வெள்ளி

காலை 6:38
சாந்தி: (படம்) குழந்தைகள் தின வாழ்த்துகள். இந்த நாள் இனிய நாள்.

6:41
ரவி (எடிசன், நியூ ஜெர்சி): அண்ணே, செல்வம், ஒரு விஷயம். சிம்மக்கல் வீடு இன்றைக்கு என்ன விலை போகும்? அதில் என் பங்கு எவ்வளவு வரும்? உடனே தெரிய வேண்டும், அவசரம்.

செல்வம்: என்னது

செல்வம்: விக்கப் போறீங்களாண்ணே

சாந்தி: ???

பவானி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முத்துராமன்: ரவி, இதையெல்லாம் குழுவில் கேட்பதா? போன் செய்யக் கூடாதா?

ரவி: ஐயோ, விற்பதற்கு இல்லை. யாழினி காலேஜ் ஃபாரத்தில் கேட்கிறார்கள்.

செல்வம்: காலேஜ் ஃபாரத்துல சிம்மக்கல் வீடா

கவிதா: ஆமாம் தம்பி. இ.டி. போடுகிறோம். எல்லாச் சொத்தையும் காட்டச் சொல்கிறார்கள்.

செல்வம்: இ.டி.யா

செல்வம்: அண்ணன் வீட்டுக்கு எப்ப வந்தாங்க

மோகன்: (சிரிக்கும் ஸ்டிக்கர்)

6:52
திவ்யா: பெரிய மாமா, சின்ன மாமா, யாரும் பதற வேண்டாம். நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளம். இ.டி. என்றால் ஏர்லி டெசிஷன். இங்கே அமெரிக்காவில் ஒரு பிள்ளை எத்தனை காலேஜுக்கு வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒரே ஒரு காலேஜுக்கு மட்டும் "இடம் கொடுத்தால் கண்டிப்பாகச் சேருவேன்" என்று எழுதிக் கொடுத்து முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். பிள்ளை, பெற்றோர், பள்ளி கவுன்சிலர் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். யாழினி பார்க்கிற காலேஜுகளுக்கு 15ஆம் தேதி, சனிக்கிழமை, கடைசி நாள். முடிவு டிசம்பர் நடுவில் வரும். கிடைத்துவிட்டால் மற்ற எல்லா விண்ணப்பங்களையும் திரும்பப் பெற வேண்டும். உதவித்தொகை போதாது என்றால் மட்டும்தான் விலகலாம். அந்த உதவித்தொகைக்குத்தான் சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்ற ஃபாரம். அதில் வருமானம், சேமிப்பு, வேறு வீடு, நிலம் எல்லாம் கேட்பார்கள். மதுரையில் இருந்தாலும் சொத்து சொத்துதான்.

சாந்தி: படிச்சேன்

சாந்தி: பாதி

செல்வம்: பட்டா இன்னும் அப்பா பேர்லதான் இருக்கு. எத்தனை வருசமா சொல்றேன்

முத்துராமன்: அதை இப்போது ஏன் இழுக்கிறாய்?

செல்வம்: நான் எங்க இழுத்தேன், ஃபாரம்தானே இழுக்குது

ரவி: திவ்யா, பட்டா அப்பா பெயரில் இருந்தால் என்ன எழுதுவது?

திவ்யா: பங்கு இருக்கிறது என்றால் மறைக்கக் கூடாது மாமா. தோராயமான மதிப்பு, கடன் இருந்தால் அது, வாங்கிய ஆண்டு. விளக்கம் எழுதத் தனியாக இடம் உண்டு. பிரிக்கப்படாத பூர்வீக வீடு, அம்மாவும் தம்பி குடும்பமும் குடியிருக்கிறார்கள், என் பங்கை மட்டும் விற்க முடியாது என்று எழுதிவிடுங்கள்.

பவானி: குடியிருக்கிறார்கள் என்றால்? வாடகைக்கு இருக்கிற மாதிரியா?

திவ்யா: ஐயோ அத்தை, அப்படி இல்லை

ரவி: அண்ணே, வாங்கிய ஆண்டு?

முத்துராமன்: 1961. ஆனால் அது முன்பக்கம் மட்டும். பின்கட்டு 1968இல் கட்டியது. அப்போது செட்டியாரிடம் வாங்கிய கடனை அப்பா 1975 வரைக்கும் கட்டினார்.

ரவி: 1961 போதும்

7:05
மோகன்: எந்தெந்தக் காலேஜ் மாப்பிள்ளை?

கவிதா: வில்லியம்ஸ், ஸ்வார்த்மோர், வெஸ்லியன். மூன்றில் ஒன்று. எல்லாம் லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்.

சாந்தி: ஒன்றையும் கேள்விப்பட்டதில்லை. ஹார்வர்டு இல்லையா?

செல்வம்: வில்லியம்ஸ்ல வீனஸா செரீனாவா

சாந்தி: கலைக் கல்லூரியா? பி.ஏ. படிக்கவா அமெரிக்கா?

ரவி: அதைத்தான் நானும் கேட்டேன்

கவிதா: எப்போது கேட்டீர்கள்? காலேஜ் பட்டியலில் அதுதான் முதல் ராங்க் என்று தெரிந்ததும் வில்லியம்ஸ் வில்லியம்ஸ் என்று குதித்தது யார்?

7:14
திவ்யா: அம்மா, லிபரல் ஆர்ட்ஸ் என்றால் பி.ஏ. தமிழ், பி.ஏ. வரலாறு மட்டும் இல்லை. கணக்கு, இயற்பியல், கம்ப்யூட்டர் எல்லாம் உண்டு. ஸ்வார்த்மோரில் இன்ஜினியரிங்கே இருக்கிறது. சேரும்போதே எந்தப் பாடம் என்று முடிவு செய்ய வேண்டாம். பெரிய யுனிவர்சிட்டி மாதிரி முந்நூறு பேர் உட்காரும் வகுப்பு கிடையாது.

வில்லியம்ஸ்: மாசசூசெட்ஸின் வடமேற்கு மூலையில், மலைகளுக்கு நடுவில். 1793இல் தொடங்கியது. மொத்தமே 2,000 பேர் அளவுக்குத்தான் மாணவர்கள். ட்யூட்டோரியல் என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒரு பேராசிரியர், இரண்டே மாணவர்கள். இந்த வாரம் ஒருத்தி கட்டுரை எழுதிக்கொண்டு வருவாள், மற்றவள் அதில் குறை சொல்ல வேண்டும். அடுத்த வாரம் மாற்றி. உதவித்தொகையிலும் 2022 முதல் கடன் என்ற பேச்சே இல்லை, கொடுப்பதைத் திருப்பிக் கட்ட வேண்டாம்.

ஸ்வார்த்மோர்: பிலடெல்பியாவுக்குப் பக்கம், ரயில் காலேஜ் வாசலுக்கே வரும். க்வேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1864இல் ஆரம்பித்தது. முதல் செமஸ்டரில் கிரேடு கிடையாது, பாஸா இல்லையா அவ்வளவுதான். படிப்பு கடுமை என்று பெயர். ஹானர்ஸ் எடுத்தால் வெளியிலிருந்து ஆட்கள் வந்து வாய்மொழித் தேர்வு வைப்பார்கள்.

வெஸ்லியன்: கனெக்டிகட், மிடில்டவுன். மூன்றில் பெரியது, 3,000 பேர். இதைப் பற்றி யாழினியே சொல்லட்டும்.

செல்வம்: குறை சொல்றதுக்குக் காலேஜா? சாந்தி அக்கா இலவசமா செய்யுமே

சாந்தி: டேய்

மோகன்: செலவு எவ்வளவு ஆகும்?

கவிதா: மூன்றிலுமே வருஷத்துக்கு 85,000 டாலருக்கு மேல். உதவித்தொகை போகத்தான் நாங்கள் கட்டுவது. எல்லாக் காலேஜும் வலைத்தளத்தில் ஒரு கால்குலேட்டர் வைத்திருக்கிறது. அதில் போட்டுப் பார்த்ததில் வில்லியம்ஸில்தான் எங்களுக்குக் குறைவாக வந்தது. வீட்டு மதிப்பைப் போட்டால் எப்படி மாறும் என்று தெரியாது.

மோகன்: 85,000 என்றால் முக்கால் கோடி ரூபாய்

செல்வம்: வருசத்துக்கா

செல்வம்: (படம்)

செல்வம்: இது நேத்து ராத்திரி. பின்கட்டுல மூணு இடத்துல ஒழுகுது. கீழே இருக்கிறது அம்மாவோட அண்டா. கொத்தனார் 48,000 சொல்றார்

ரவி: அனுப்புகிறேன் என்று சொன்னேனே

பவானி: ஆடியில் சொன்னீர்கள்

ரவி: இந்த வாரம் அனுப்புகிறேன்

7:31
முத்துராமன்: ஓபர்லினை ஏன் யாரும் சொல்லவில்லை? ஒஹையோவில் இருக்கிறது. 1830களிலேயே பெண்களுக்கும் கருப்பின மாணவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்ட கல்லூரி. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் எங்களுக்கு ஆங்கிலம் எடுத்தவர் அங்கே பட்டம் வாங்கிவிட்டு நேராக மதுரைக்கு வந்த பையன்தான். ஓபர்லின் ஷான்சி என்ற அமைப்பு அனுப்பி வைக்கும். இங்கே லேடி டோக் கல்லூரிக்கும் அப்படி ஆட்கள் வருவார்கள். எங்களைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். வேட்டி கட்டிக்கொண்டு சைக்கிளில் கோரிப்பாளையம் போய்ப் பரோட்டா சாப்பிடுவார். பரீட்சைக்குப் படிக்காதே, கேள்வி கேள் என்பார். அந்த மாதிரி வாத்தியாரை நான் அப்புறம் பார்க்கவில்லை.

செல்வம்: நூறாவது தடவை

சாந்தி: அந்த வாத்தியார்தானே உங்களை மேலே படிக்க அங்கே கூப்பிட்டார். அப்பா விடவில்லை.

முத்துராமன்: அது பழைய கதை.

சாந்தி: ரவியை மட்டும் விட்டார்

ரவி: அக்கா, நான் போனது 1998இல், எச்1பி விசாவில், 27 வயதில். அப்பா என்ன விடுவது?

சாந்தி: விமான டிக்கெட் யார் எடுத்தது?

மோகன்: சாந்தி, விடு

7:40
பவானி: இன்று மழைக்கு ஸ்கூல் லீவா, யாருக்காவது தெரியுமா? சின்னவன் யூனிஃபார்ம் போடாமல் உட்கார்ந்திருக்கிறான்.

மோகன்: கோவையில் இல்லை

செல்வம்: கலெக்டர் இன்னும் ஒண்ணும் சொல்லல

யாழினி: சித்தி, வில்லியம்ஸ்ல மவுண்டன் டேன்னு ஒண்ணு இருக்கு. அக்டோபர்ல ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை காலையில மணி அடிப்பாங்க. அடிச்சா அன்னிக்கு வகுப்பே கிடையாது, எல்லாரும் மலை ஏறணும். எந்த வெள்ளின்னு முன்னாடியே சொல்ல மாட்டாங்க.

பவானி: நல்ல காலேஜா இருக்கே

சாந்தி: கண்ணு, நீ இந்தக் குழுவில் இருக்கிறாயா?

யாழினி: எப்பவும் இருக்கேன் அத்தை

சாந்தி: ஓ

மோகன்: உனக்கு எதும்மா பிடித்திருக்கிறது?

யாழினி: வெஸ்லியன்

ரவி: அது ராங்கில் கீழே

யாழினி: அப்பா, அங்க 1960கள்ல இருந்தே கர்நாடக சங்கீதம் பாடமா இருக்கு. பரதநாட்டியம் பாலசரஸ்வதி தங்கிச் சொல்லிக்கொடுத்த இடம். அவங்க தம்பிங்க, மிருதங்கம் ரங்கநாதனும் புல்லாங்குழல் விஸ்வநாதனும், அங்கயே வாத்தியாரா இருந்தாங்க. நான் பாட்டும் படிச்சுக்கிட்டு நியூரோசயின்ஸும் எடுக்கலாம். நவராத்திரி விழாவுக்கு நாம போனோமே, நீங்க கார்ல தூங்கினீங்க.

ரவி: இரண்டரை மணி நேரம் ஓட்டியது யார்?

பவானி: அத்தை பக்கத்தில்தான் இருக்கிறார்கள், படித்துக் காட்டினேன். அவர்கள் சொல்வதை அப்படியே போடுகிறேன்: "விசுவநாதன் புல்லாங்குழலா? ரேடியோவுல வந்தா உங்க தாத்தா என்னைப் பாத்திரம்கூட உருட்ட விடமாட்டாரு. புள்ளைக்கு அங்கயே போட்டுரு. அது கெடக்கட்டும், வீட்டு விலையை எதுக்குக் கேட்டான்?"

செல்வம்: அம்மா பாயிண்ட்டுக்கு வந்துட்டாங்க

7:55
ரவி: எல்லோரும் கேளுங்கள். வில்லியம்ஸுக்கு ஒரே சுற்றுதான், ஜனவரியில் இரண்டாவது இ.டி. கிடையாது. மற்ற இரண்டுக்கும் உண்டு. அப்படியென்றால் இப்போது வில்லியம்ஸ், கிடைக்காவிட்டால் ஜனவரியில் வெஸ்லியன். வில்லியம்ஸ் இ.டி.யில் நாலு பேரில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட இடம் கொடுக்கிறார்கள். சாதாரணமாகப் போட்டால் பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை.

திவ்யா: மாமா, அந்த நாலில் ஒன்றை அப்படியே நம்பாதீர்கள். விளையாட்டுக் கோச்சுகள் முன்னாடியே பார்த்து வைத்த பிள்ளைகளும் அதே இ.டி.யில்தான் வருகிறார்கள். அவர்களைக் கழித்துப் பார்த்தால் மிச்சம் வேறு. நம் யாழினிக்கு நீச்சல்கூட வராது.

யாழினி: மதினி

திவ்யா: உண்மைதானே

கவிதா: எனக்கு ஸ்வார்த்மோர்தான் சரி என்று படுகிறது. ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம், திவ்யாவும் பக்கத்தில் இருக்கிறாள். முதல் செமஸ்டர் கிரேடு இல்லை என்றால் பிள்ளை நிம்மதியாகச் சாப்பிடும்.

யாழினி: அம்மா, அங்க நீங்க வாரா வாரம் சாம்பாரோட வருவீங்க

மோகன்: பிடித்தது ஒன்று, மலிவு ஒன்று, பக்கம் ஒன்று. இ.டி. என்றால் பிடித்ததற்குத்தானே போட வேண்டும்?

ரவி: மச்சான், முக்கால் கோடி என்று கணக்குச் சொன்னது நீங்கள்தான்

யாழினி: இங்க இப்ப வியாழன் ராத்திரி. கவுன்சிலர் கையெழுத்து வெள்ளிக்கிழமை ஸ்கூல் முடியறதுக்குள்ள வேணும். சனிக்கிழமை அவங்க இருக்க மாட்டாங்க.

முத்துராமன்: அப்படியானால் இன்னும் ஒரு நாள் கூட இல்லை.

யாழினி: அப்பா, வில்லியம்ஸ் போட்டு, கிடைச்சுட்டா?

ரவி: கிடைத்தால் நல்லதுதானே

திவ்யா: மாமா, அவள் கேட்பது அது இல்லை

கவிதா: யாழினி, மாடியிலிருந்து கீழே வா. நேரில் பேசுவோம். குழுவில் வேண்டாம்.

சாந்தி: குழுவில் பேசினால் என்ன? நாங்கள் வெளியாட்களா?

முத்துராமன்: ஓபர்லினையும் ஒரு தடவை பாருங்கள்.

ரவி: சரி

கவிதா: சரி என்றால் எது சரி?

8:09
செல்வம்: லீவு விட்டாச்சு. எட்டாம் வகுப்பு வரைக்கும்தான்

சாந்தி: ஞாயிற்றுக்கிழமை திருமங்கலம் வளைகாப்புக்கு யார் யார் வருகிறீர்கள்? இன்றைக்கே ஆள் கணக்குச் சொல்ல வேண்டும்.

பவானி: நாங்கள் நான்கு பேர். அத்தைக்கு முன் சீட் வேண்டும்.

மோகன்: முன் சீட்டில் வளையல் பெட்டி வருகிறது

பவானி: அப்படியென்றால் எங்களுக்குத் தனி வண்டி சொல்லுங்கள்