பக்கவாதத்துக்குப் பின் மறதி: கன்னபினாய்டு ஏற்பிகளை நம்பலாமா?

தேவனாம்பட்டினத்தான்:
அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. கை, கால் ஓரளவு தேறிவிட்டது. நேற்று சங்கரா மீனைக் கையில் வைத்துக்கொண்டு, “இதுக்குப் பேர் என்னடா?” என்று கேட்டார். முப்பது வருஷம் கடலுக்குப் போனவர். இந்த மறதிக்கென்று தனி மருந்து இல்லை என்கிறார்கள். ஆனால் பக்கவாதம் வரவழைத்த எலிகளுக்கு சிபி2 ஏற்பியைத் தூண்டியபோது மூளைச் சேதம் குறைந்திருக்கிறது. கஞ்சாவின் சத்து போய் ஒட்டும் கன்னபினாய்டு ஏற்பிகளில் (செல்களின் மேல் இருக்கும் புரதங்கள்) அதுவும் ஒன்று. இது ஏன் இன்னும் மனிதருக்கு வரவில்லை?

பாகூர் செவிலியர்:
தம்பி, சிபி1 என்று இன்னொன்று இருக்கிறது. நினைவைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் அது நெருக்கமாக இருக்கும். கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற பொருள் அதைத்தான் முடுக்குகிறது. கஞ்சா குடித்தவருக்கு இப்போது சொன்னது மறந்துபோவது அதனால்தான். மறதிக்காரருக்குப் போய் அதைக் கொடுப்பதா? இதயத் துடிப்பையும் ஏற்றிவிடும்.

தேவனாம்பட்டினத்தான்:
அக்கா, நான் கஞ்சாவைக் கேட்கவே இல்லை. சிபி2 மட்டும்.

முத்தியால்பேட்டை வேதியியல்:
அவர் சொல்வது சரி. 1993இல் அடையாளம் கண்ட சிபி2 பெரும்பாலும் நோயெதிர்ப்புச் செல்களில்தான் இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியா கிளர்ந்து அழற்சியை நீட்டித்துக்கொண்டே போகும். அதை அடக்குவதுதான் நோக்கம். சிபி2ஐ மட்டும் தொடும் மூலக்கூறுக்குப் போதை கிடையாது.

பாகூர் செவிலியர்:
காகிதத்தில் சரி. ரிமோனபன்ட் கதை தெரியுமா? சிபி1ஐ அடைத்து உடல் எடையைக் குறைக்க வந்த மாத்திரை. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்ததால் 2008இல் ஐரோப்பாவில் நிறுத்தினார்கள். 2016இல் பிரான்சின் ரென் நகரில், உடலே சுரக்கும், இதே ஏற்பிகளில் ஒட்டும் ஆனந்தமைடைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் மருந்தைச் சோதித்தார்கள். நல்ல ஆரோக்கியத்தோடு போன ஒருவர் இறந்தே போனார்.

முத்தியால்பேட்டை வேதியியல்:
ரென் மருந்து வேறு நொதிகளையும் முடக்கியது பின்னால் தெரியவந்தது. அந்தப் பழியை ஏற்பி மேல் போடலாமா?

பாகூர் செவிலியர்:
போடவில்லை. ஒன்றைக் குறிவைத்தால் இன்னொன்றில் படும் என்கிறேன். எலிக்குப் பெரும்பாலும் அடைப்பு வந்த சில மணி நேரத்துக்குள் மருந்து போகிறது. உங்கள் அப்பாவுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது, தம்பி. ஆய்வு நடக்கட்டும், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவரை ரத்த அழுத்த மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள், பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போங்கள். இணையத்தில் விற்கும் எண்ணெய் எதையும் வாங்காதீர்கள்.

தேவனாம்பட்டினத்தான்:
வாங்க மாட்டேன், அக்கா. அழற்சி எட்டு மாதத்துக்குப் பிறகும் இருக்குமா என்பதை யாராவது மனிதர்களிடம் சோதிக்க வேண்டும், அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இன்று காலை மறுபடி சங்கராவைக் காட்டினேன். பேர் வரவில்லை. “செவப்பா இருக்கும், குழம்புக்கு நல்லாருக்கும்” என்றார்.