சட்பரி ரோட்டோரம் விக்கிற குட்டி ப்ளூபெர்ரியும் கடை ப்ளூபெர்ரியும் ஒண்ணுதானா?

ஸ்கார்பரோ_மருமகன்
போன வாரம் இங்க கனடா ஒன்டாரியோல சட்பரி போயிட்டு ஹைவே 69-ல திரும்பி வர்றப்போ ஒரு பெரியவர் மடக்கு மேசை போட்டு ப்ளூபெர்ரி வித்துட்டு இருந்தாரு, விலை கேட்டா கடையை விட டபுளுக்கு மேல, ஆனா பழம் மிளகை விட கொஞ்சம் பெருசு அவ்ளோதான். வாயில போட்டா புளிப்பும் இனிப்புமா செம டேஸ்ட், கடைப் பழம்லாம் இதுக்கு முன்னாடி வெறும் தண்ணி. அத்தை இது நாவல்பழ ஜாதிதான்னு ஒரே பிடியா நிக்கிறாங்க, சுகருக்கு நல்லதாம், தினம் ஒரு கப் உள்ள போகுது. ஆஃபீஸ்ல கியூபெக்காரர் ஒருத்தர் இதை ப்ளுவேங்கிறாரு. ரெண்டும் ஒரே செடியா? இந்த ஊர் பூர்வகுடி ஆளுங்க இதை வச்சு என்னலாம் பண்ணாங்க? வீட்டுக்குப் பின்னாடி வைக்கலாமா?

காட்டுப்பூனை
ஒரே இனம் (வேக்சினியம்), வேற வேற செடி. நீங்க வாங்கினது லோபுஷ், முழங்காலுக்குக் கீழதான் வளரும், யாரும் நட்டது கிடையாது. கடையில வர்றது ஹைபுஷ், ஆள் உயரம் போகும், அது தோட்டப்பயிரா ஆகியே நூத்துச் சொச்சம் வருஷம்தான் ஆகுது. நியூ ஜெர்சில எலிசபெத் வைட்னு ஒரு கிரான்பெரி தோட்டக்கார வீட்டுப் பொண்ணு, அரசாங்க தாவரவியலாளர் ஃப்ரெடரிக் கோவில் (ஆமாங்க பேரே கோவில்தான்) எழுதினதைப் படிச்சிட்டு 1911-ல அவருக்கு லெட்டர் போட்டாங்க. அப்புறம் காட்டுல பழம் பொறுக்குறவங்க கையில ஓட்டை போட்ட ஒரு தகடைக் குடுத்து, அந்த 5/8 இன்ச் ஓட்டைக்குள்ள விழாத பழம் இருக்கிற செடியைக் காட்டினா காசுன்னு சொல்லி, கண்டுபிடிச்ச ஆளு பேரையே செடிக்கும் வச்சாங்க. ரூப் லீக்னு ஒருத்தர் காட்டின செடிதான் ரூபெல், இன்னைக்கும் பயிர் பண்றாங்க. 1916-ல முதல் அறுவடை மார்க்கெட்டுக்குப் போச்சு. சைஸைப் பாத்துப் பொறுக்கி எடுத்த பழம்ங்க அது, டேஸ்ட் கம்மின்னா ஆச்சரியம் என்ன.

அத்தைகிட்ட சொல்லிடுங்க, நாவல் வேற குடும்பம், கொய்யா கிராம்புக்குத்தான் அது சொந்தம். ப்ளூபெர்ரிக்கு நெஜமான சொந்தக்காரங்க நம்ம நீலகிரி சோலைக்காட்டுல இருக்காங்க, இதே வேக்சினியம் இனத்துல மரமாவே வளர்றது உண்டு.

ப்ளுவேன்னு பிரான்ஸ்ல போய்க் கேட்டா ஒரு நீலப் பூவைக் காட்டுவாங்க, அங்க பழத்துக்குப் பேரு மிர்டீய். அந்த ஐரோப்பாக் காட்டுப்பழம் உள்ளேயும் கருநீலம், தின்னா நாக்கு பல்லு எல்லாம் சாயம். கியூபெக்ல லாக் சான் ஜான் ஏரிப் பக்கத்து ஆளுங்களையே ப்ளுவேன்னுதான் கூப்பிடுவாங்க.

தண்டர்பே_தாத்தா
பூர்வகுடி விஷயத்துக்கு நான் வர்றேன். இங்க ஒஜிப்வே மொழில இந்தப் பழத்துக்குப் பேரு மீன்! பழத்தோட அடியைத் திருப்பிப் பாருங்க, அஞ்சு முனை வச்ச நட்சத்திரம் மாதிரி இருக்கும், நமக்கும் நட்சத்திரம்னா மீன்தானே. சும்மா தற்செயல்தான், யாரும் இதை வச்சு லெமூரியா வரைக்கும் போயிடாதீங்க.

1615-ல பிரெஞ்சுப் பயணி சாம்ப்ளேன் ஒட்டாவா ஆத்து வழியா ஜார்ஜியன் பே வரைக்கும் போனப்போ இந்தப் பழம் குமிஞ்சு கெடக்குறதையும், ஊர்க்காரங்க குளிர்காலத்துக்குக் காய வச்சு எடுத்து வைக்கிறதையும் எழுதி வச்சிருக்காரு. நீங்க வந்த ஹைவே தாண்டுற ஃப்ரெஞ்ச் ரிவரும் அவர் போன வழிதான். காஞ்ச பழத்தைக் கூழ்ல போடுவாங்க, காய வச்சு இடிச்ச இறைச்சி, கொழுப்போட சேத்து பெமிக்கன் பண்ணுவாங்க, இலையைக் கஷாயமா குடிப்பாங்க.

ஆனா இதெல்லாம் விட பெரிய விஷயம் நெருப்பு. செடியோட உசுரு மண்ணுக்கடியில ஓடுற தண்டுல இருக்கு, மேல எரிச்சுட்டா அடுத்த வருஷம் புதுக் கெளை, அதுக்கடுத்த வருஷம் காய். இது தெரிஞ்சுதான் அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துப் பக்கம் வபனாக்கி பூர்வகுடி ஜனங்க ரொம்பக் காலமா காட்டை அளவா எரிச்சு வந்தாங்க. இன்னைக்கு மெய்ன், நோவா ஸ்கோஷியா விவசாயிங்க ரெண்டு வருஷத்துக்கு ஒரு அறுப்புன்னு எரிச்சோ வெட்டியோ பண்றது அதே கணக்குதான். அதனால சும்மா காட்டுல தானா கெடச்சதைத் தின்னாங்கன்னு சொல்றது எனக்குப் பிடிக்காது, அதுவும் வெள்ளாமைதான்.

வன்னிப்பெடியன்
அண்ணை வீட்டில வைக்கலாம், ஆனா மண் நல்லாப் புளிப்பா இருக்கவேணும், பிஹெச் 4.5-ல இருந்து 5.5-க்குள்ள. சட்பரியில இது இப்படிக் காய்க்கிறதுக்கு ஒரு காரணமே நிக்கல் உருக்கின கந்தகப் புகை மண்ணைப் புளிக்க வச்சதுதான், மற்ற மரமெல்லாம் செத்துப்போக இது நிண்டு பிடிச்சுது. ஸ்கார்பரோக் களிமண்ணில நேர நட்டால் இலை மஞ்சளாகிப் போகும், பெரிய சாடியில பீட் மொஸ் (மக்கின பாசி) போட்டு வையுங்கோ. இப்ப வாங்கின பழத்தைக் கழுவாமல் தட்டில பரவி ஃப்ரீசரில வையுங்கோ, இறுகினாப் பிறகு பையில போடலாம். மேல இருக்கிற வெள்ளை மெழுகு பழுதில்லை, அதைத் துடைக்க வேண்டாம்.

காட்டுப்பூனை
சுகர் விஷயம் விட்டுப்போச்சு. பழம் நல்லதுதான், ஆனா அத்தை அதை நம்பி மாத்திரையை நிறுத்தலையேன்னு மட்டும் பாத்துக்கோங்க.

ஸ்கார்பரோ_மருமகன்
மாத்திரை போடுறாங்க, நான் செக் பண்ணிட்டேன். நாவல் இல்லன்னு சொன்னேன், "அப்போ ஏன் நாக்கு கலராகுது"ங்கிறாங்க. வன்னி தம்பி, சாடி எவ்ளோ ஆழம் வேணும்?

வன்னிப்பெடியன்
லோபுஷ் எண்டால் ஒரு அடி காணும் அண்ணை, அகலம்தான் கூட வேணும். ரெண்டு வேற வேற செடியா வையுங்கோ, தனியச் செடி எண்டால் காய் குறைவு.