மறு: ரூல் ஆஃப் தம்ப் – ‘கைக்கணக்கு’ சரிப்படுமா?

குழுவினருக்கு வணக்கம்.

மடல் இழை பல பக்கம் கிளைத்துவிட்டதால் வந்த யோசனைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் எழுதுகிறேன். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: நான் மொழிபெயர்ப்பது சிறு வீடு கட்டுகிறவர்களுக்கான கையேடு. அதில் ‘ரூல் ஆஃப் தம்ப்’ (சொல்லுக்குச் சொல் ‘கட்டைவிரல் விதி’; பழக்கத்தில் வந்த தோராய வழிமுறை) பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. தோன்றியபடியெல்லாம் மாற்றி மாற்றிப் போட்டால் படிக்கிறவர் குழம்புவார் என்றுதான், ‘கைக்கணக்கு’ சரிப்படுமா என்று இங்கே கேட்டேன்.

> ஆங்கிலத்தில் விரல் இருக்கிறது. தமிழிலும் விரல் இருந்துவிட்டுப் போகட்டும். ‘பெருவிரல் விதி’ போதும்.

ஐயா, அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்தாயிற்று. பள்ளி இயற்பியலில் வலக்கைப் பெருவிரல் விதி இருக்கிறது. கம்பியைப் பிடித்தாற்போல் வலக்கையை வைத்துக்கொண்டால் பெருவிரல் மின்னோட்டத்தின் திசையைக் காட்டும், மடங்கிய மற்ற விரல்கள் காந்தப்புலத்தின் திசையைக் காட்டும். அங்கே விரல் நிஜ விரல். தேர்வறையில் பிள்ளைகள் கையைத் திருகித் திருகிப் பார்ப்பது அதற்காகத்தான்.

‘கட்டைவிரல்’ என்று மாற்றினாலும் விடிவில்லை. நம் காதில் அந்தச் சொல் விழுந்ததும் கைநாட்டு நினைவுக்கு வரும், அல்லது ஏகலைவன் வருவான். பக்கத்தில் ‘விதி’ வேறு. “பீமின் ஆழத்துக்குக் கட்டைவிரல் விதியைப் பயன்படுத்தலாம்” என்று அச்சடித்தால், எங்கே ரேகை வைக்கவேண்டும் என்று மேஸ்திரி கேட்பார். ‘கைவிதி’ என்று சுருக்கிய யோசனையும் வந்தது. சொல் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கைரேகை சோசியர் கடைப் பலகைக்குத்தான் பொருந்தும்.

> பெண்டாட்டியை அடிக்கும் கம்பு கட்டைவிரலைவிடத் தடிமனாக இருக்கக்கூடாது என்ற பழைய ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து வந்த சொல் இது. அதைத் தமிழுக்கு இறக்குமதி செய்யவே வேண்டாம்.

அக்காவின் கோபம் நியாயம்தான். ஆனால் சொல் அங்கிருந்து வரவில்லை. 1782-இல் பிரான்சிஸ் புல்லர் என்ற ஆங்கிலேய நீதிபதி அப்படிச் சொன்னதாகப் பேச்சு கிளம்பியது. அவர் எழுத்தில் அப்படி ஒரு தீர்ப்பு கிடைக்கவில்லை. ஜேம்ஸ் கில்ரே உடனே கேலிச்சித்திரம் போட்டு ‘கட்டைவிரல் நீதிபதி’ ஆக்கிவிட்டார். பட்டம் ஒட்டிக்கொண்டது. ஆனால் ‘ரூல் ஆஃப் தம்ப்’ என்ற தொடர் அதற்கு ஏறக்குறைய நூறாண்டு முந்தியே அச்சில் இருக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டது 1970-களிலிருந்து வந்த அமெரிக்க எழுத்துகள். 1982-இல் அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையத்தின் அறிக்கை ஒன்று இந்தத் தொடரைத் தலைப்பிலேயே வைத்துக்கொண்டதும் கதை ஊரெல்லாம் பரவியது.

அந்தப் பழைய பதிவு நமக்கு ரொம்ப வேண்டியது. ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜேம்ஸ் டர்ஹாமின் பிரசங்கங்கள் 1685-இல் அச்சாயின, அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு. அதில் அரைகுறை பக்தர்களை மூடக் கொத்தர்கள் என்று ஏசுகிறார். மூலைமட்டமும் அளவுகோலும் வைத்துக் கட்டாமல் ஊகத்திலும் ‘ரூல் ஆஃப் தம்ப்’பிலும் கட்டுகிறவர்களாம். ஆக, நமக்குக் கிடைக்கிற பழைய இடமே ஒரு கட்டுமானத் தளம். அங்கே ‘ரூல்’ என்பது சட்டமாக இல்லாமல் அளவுகோலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கோல் இல்லாதவன் விரலை வைத்து அளந்தான். பிரெஞ்சில் அங்குலத்துக்கும் கட்டைவிரலுக்கும் இன்றும் ஒரே சொல்தான். நம்மிடமும் விரற்கடை, சாண், முழம் எல்லாம் உடம்பிலிருந்து எடுத்தவையே.

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். ஜெர்மன்காரர்களுக்கு இது முஷ்டி விதி. ஸ்வீடனில் கட்டைவிரலேதான். பிரெஞ்சில் குத்துமதிப்பாகச் சொல்வதை மூக்குப் பார்வை என்பார்கள். ஆளுக்கொரு உறுப்பு, அவ்வளவுதான்.

இனி முக்கியமான விஷயம். இந்தத் தொடர் ஆங்கிலத்தில் ஒரே வேலையைச் செய்வதில்லை. நாம் அத்தனைக்கும் ஒரே தமிழ்ச்சொல் தேடுவதால்தான் இழை முடியாமல் இழுக்கிறது.

சில இடத்தில் அது வெறும் ‘பொதுவாக’. “மழைக்காலத்தில் வெளிப்பூச்சு வேண்டாம் என்பது ரூல் ஆஃப் தம்ப்” என்று வந்தால் “பொதுவாக, மழைக்காலத்தில் வெளிப்பூச்சு வேண்டாம்” என்று எழுதிவிட்டுப் போகலாம். கலைச்சொல்லே தேவையில்லை.

இன்னொரு இடத்தில் அது திட்டு. அமெரிக்கப் பொறியாளர் பிரடெரிக் டெய்லர் 1911-இல் அறிவியல்முறை மேலாண்மை பற்றி எழுதிய நூலில் முதல் கொள்கையே இதுதான்: தொழிலாளியின் வேலையில் ஒவ்வொரு கூறுக்கும் ஓர் அறிவியலை உருவாக்கு, பழைய ‘ரூல் ஆஃப் தம்ப்’ முறையை விலக்கு. அவர் சொல்வது தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகிய வேலைமுறையை. சூத்திரம் எதுவும் அவர் மனத்தில் இல்லை. அதற்குத் தமிழில் ‘கைப்பழக்கம்’ இருக்கிறது. நம்மிடம் அது பாராட்டு, டெய்லரிடம் குற்றச்சாட்டு. ‘கைப்பழக்க முறை’ என்று போட்டால் சூழல் பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவதுதான் எனக்கு வேண்டியது: நினைவில் வைத்துக்கொள்ளச் சுலபமான, துல்லியம் கேட்காத, வேலையை நடத்திக்கொடுக்கிற சின்னக் கணிப்பு முறை.

> இதற்குத்தான் குத்துமதிப்பு இருக்கிறதே!

குத்துமதிப்பு நல்ல சொல், ஆனால் அது விடையின் பெயர். “குத்துமதிப்பா நாற்பது மூட்டை ஆகும்” என்கிறோம். அந்த நாற்பது எப்படி வந்தது என்ற வழிக்குப் பெயர் அது இல்லை. கண்திட்டமும் அப்படியே, அதில் வழியே கிடையாது, கண்தான். ‘பட்டறிவு விதி’யை ஆய்வுக்கூடத்தில் அளந்து பெற்ற விதிகளுக்கு விட்டுவைக்கலாம். ‘தோராய விதி’ பொருளில் சரியாக இருக்கிறது, உயிர்தான் இல்லை. எந்த மேஸ்திரியும் அதை வாயில் போட்டுக்கொள்ள மாட்டார்.

மேஸ்திரி என்ன சொல்கிறார்? கட்டிடம் நடக்கிற இடத்தில் போய் நின்றால் கேட்கலாம். “பீமுக்கு அடிக்கு ஒரு இன்ச் கணக்கு சார்.” தூணுக்குத் தூண் 15 அடி என்றால் பீமின் ஆழம் 15 அங்குலம். நீளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று என் கையேடு அரைப் பக்கம் எழுதுவதை அவர் நாலு சொல்லில் முடித்துவிடுகிறார். சமையலறையில் “ஒரு தம்ளர் அரிசிக்கு ரெண்டு தம்ளர் தண்ணி கணக்கு”. இட்லிக்கு “நாலுக்கு ஒண்ணு கணக்கு”. இதற்கு இது என்று வீதம் சொல்லிப் பின்னால் ‘கணக்கு’ என்று முடித்தால், தமிழில் அதுவே ‘ரூல் ஆஃப் தம்ப்’. அகராதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம், சொல் சிமெண்ட் கலவைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

ஆனால் ‘கணக்கு’ தனியாக நின்றால் பள்ளிப் பாடமாகவும் கடைப் பேரேடாகவும் வங்கிக் கணக்காகவும் ஆகிவிடும். அதனால் முன்னால் ஒரு ‘கை’. மனக்கணக்கு, வாய்க்கணக்கு வரிசையில் கைக்கணக்கு. கைவேலை, கைப்பக்குவம், கைமருந்து என்று ‘கை’ எங்கெல்லாம் முன்னால் வருகிறதோ அங்கெல்லாம் செய்து தேறிய அறிவு என்ற சாயல் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலக்காரர் விரலால் சொன்னதில் பாதியும் அதுதானே.

இந்த வகை அறிவுக்கு நம்மிடம் பழைய சரக்கும் உண்டு. காரிநாயனாரின் கணக்கதிகாரம் என்ற பழைய கணித நூலில் பலாப்பழத்தை அறுக்காமலே சுளை எண்ண ஒரு வெண்பா இருக்கிறது. காம்பை ஒட்டிய சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் 100 என்றால் சுளை 120. மரத்துக்கு மரம் பிசகும்தான். அதைத் தெரிந்துகொண்டே பயன்படுத்துவதுதான் கைக்கணக்கு.

போதையனார் பெயரில் சுற்றும் கர்ணப் பாட்டும் (கர்ணம் என்பது செங்கோண முக்கோணத்தின் சாய்ந்த பக்கம்) இந்த வகைதான். எழுதியது யார், எப்போது என்ற சண்டை வேறு குழுவில் நடக்கட்டும். நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒன்றைத் தள்ளு, மிச்சத்தோடு உயரத்தில் பாதியைச் சேர், கர்ணம் வந்துவிடும் என்கிறது பாட்டு. நீளம் 4, உயரம் 3 என்றால் மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5. அச்சு அசல் விடை. 12-க்கும் 5-க்கும் போட்டால் 13, அதுவும் அச்சு அசல். இதை வைத்துக்கொண்டு பித்தாகரசை மிஞ்சிவிட்டோம் என்று மடல் அனுப்புகிறவர்கள் 10-க்கும் 1-க்கும் போட்டுப் பார்க்கலாம். ஒன்பதே கால் வரும். தரையில் கிடக்கும் பத்தடியைவிடச் சாய்ந்து நிற்கும் ஏணி குட்டையாகிவிடுகிறது! ஆனால் உயரம் நீளத்தில் கால்பங்குக்குக் குறையாமலும் நீளத்தை மிஞ்சாமலும் இருக்கிறவரை பிசகு சுமார் 3 விழுக்காட்டுக்குள்தான். வர்க்கமூலம் தெரியாத தச்சருக்கு, ஓட்டுக்கூரைக்குக் கை மரம் அறுக்க, இது தாராளம். தேற்றம் என்று சொன்னால் தப்பு, கைக்கணக்கு என்று சொன்னால் அருமை. இந்த வேறுபாட்டைச் சொல்ல ஒரு பெயர் இல்லாததால்தான் பாட்டை ஒரு கூட்டம் தலையில் வைத்து ஆடுகிறது, இன்னொரு கூட்டம் குப்பை என்கிறது.

நிதிக்காரர்களின் 72 கணக்கும் அப்படித்தான். இத்தாலியர் லூகா பாச்சோலி 1494-இலேயே எழுதிவைத்தது. 72-ஐ வட்டி வீதத்தால் வகுத்தால் பணம் இரட்டிக்கும் காலம். 8 விழுக்காட்டுக்கு 9 ஆண்டு, ஏறக்குறைய அப்படியே. நம் ஊர் மூணு வட்டியை, மாதாமாதம் வட்டிக்கு வட்டி போட்டால், 24 மாதம் என்று காட்டும்; உண்மையில் இருபத்து மூன்றரை. கடன் வாங்கியவருக்கு அந்த அரை மாதம் பெரிதாகத் தெரியாது.

> எண்ணே இல்லாத இடத்தில் கைக்கணக்கு எப்படிப் பொருந்தும்? மென்பொருள் வடிவமைப்பில் ‘ஹியூரிஸ்டிக்’ என்பதற்கும் இதையே போடுவீர்களா?

மாட்டேன். மென்பொருளைப் பயன்படுத்தச் சுலபமாக்குவது பற்றி எழுதும் ஜேக்கப் நீல்சனின் 10 பயன்பாட்டு ஹியூரிஸ்டிக்குகளைப் பாருங்கள். துல்லியமான வழிகாட்டுதல்கள் அல்ல, அகலமான ‘ரூல்ஸ் ஆஃப் தம்ப்’, அதனால்தான் அந்தப் பெயர் என்று அவரே விளக்கம் தருகிறார். அதனால் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். ஆனால் “என்ன நடக்கிறது என்பதைப் பயனருக்குத் தெரியப்படுத்திக்கொண்டே இரு” என்பதில் கணக்கு எங்கே இருக்கிறது? அது நெறி. அங்கே ‘பொதுநெறி’ போடலாம். நிரல்கள் தேடலைச் சுருக்கப் பயன்படுத்தும் ஹியூரிஸ்டிக் இன்னொரு சங்கதி, தனி இழை கேட்கும். எண்ணோ அளவோ வீதமோ இருந்தால்தான் கைக்கணக்கு என்று வேலி போட்டுவிடுவோம். வேலி இல்லாவிட்டால் நாமும் ஆங்கிலம் மாதிரி ஒரே சொல்லில் நாலு வேலை வாங்க ஆரம்பித்துவிடுவோம்.

> கால்குலேட்டர் இல்லாமல் கையால் போடும் கணக்கு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

முதல் தடவை படிக்கும்போது சிலர் எடுத்துக்கொள்ளலாம். கையேட்டில் சொல் முதலில் வரும் இடத்திலேயே எடுத்துக்காட்டோடு விளக்கிவிடுகிறேன். மற்றதற்குக் ‘கையால் கணக்கிடல்’ என்று வினையாகவே எழுதுவோம், மோதல் வராது.

சொற்கோவைக்கு நான் எழுதிவைத்திருக்கும் பதிவு இது:

கைக்கணக்கு (பெ.): பழக்கத்தில் தேறிய, எளிதில் நினைவில் நிற்கும், தோராயமான விடை தரும் அளவு முறை. எ-டு: “பீமின் ஆழத்துக்கு அடிக்கு ஓர் அங்குலம் என்பது கைக்கணக்கு. கம்பியின் அளவைப் பொறியாளர்தான் முடிவுசெய்ய வேண்டும்.”

படிக்கட்டு பற்றிய வரியில் போட்டுப் பார்த்தேன்: “படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, மிதியகலத்தைக் கூட்டினால் 60-இலிருந்து 65 செ.மீ.க்குள் வரவேண்டும் என்பது கைக்கணக்கு.” 15 செ.மீ. உயரம், 30 செ.மீ. அகலம் என்றால் சரியாக 60. வாக்கியம் எங்கும் இடறவில்லை. பன்மை கேட்டிருந்தார் ஒருவர். ‘கைக்கணக்குகள்’ உச்சரிக்கக் கொஞ்சம் கடகடவென்று இருக்கும், ஒருமையிலேயே எழுதினாலும் பொருள் கெடாது.

கட்டுமான அத்தியாயத்தை அடுத்த வாரம் அச்சுக்கு அனுப்ப வேண்டும். பலத்த மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். அப்புறம், ‘பால்பார்க் ஃபிகர்’ பற்றிக் கேட்ட தம்பிக்கு: பேஸ்பால் மைதானத்தையெல்லாம் தமிழுக்குக் கொண்டுவர வேண்டாம், அது குத்துமதிப்பேதான்.