நகம் மாட்டுற கீறலுக்கும் 2000 பேப்பர்தானாம்!

லிந்துலைக்காரன்: கீழ இருக்கிற இழையில ஹட்டன் பாஸ் எழுதியிருக்காரு: "நகம் மாட்டுற கீறலா இருந்தாலும் 2000 வோட்டர் பேப்பர் (தண்ணி போட்டுத் தேய்க்கிற தாள்) போட்டு, கம்பவுண்ட் (பாலிஷ் பசை) அடிச்சா கண்ணாடி." அதை நம்பி ஒரு தம்பி டொயோட்டா 86 பொனட்டைத் தேய்க்க உக்காந்திருக்கான். கலருக்கு மேல கம்பனி அடிக்கிற நிறமில்லாத பூச்சு, அதான் கிளியர், மொத்தமே 40, 50 மைக்ரோன்தான்யா, தலைமுடியை விட மெலிசு. நகம் மாட்டுற அளவு ஆழமா இருந்தா அந்த இடத்துல மட்டும் பெயின்ட் தொட்டு டச்சப் பண்ணிட்டு விடணும், இல்லாட்டி பொனட்டையே திரும்ப அடிக்கணும்.

ஹட்டன் பாஸ்: தம்பி, நான் ஸ்ப்ரே கன் புடிச்ச காலத்துல நீங்க பொறந்திருக்கவே மாட்டீங்க. 2000-ல கிளியர் போகாது. வெள்ளைத் தண்ணி வரும், அவ்வளவுதான்.

லிந்துலைக்காரன்: அந்த வெள்ளைத் தண்ணிதான் பாஸ் கிளியர்!

ஹட்டன் பாஸ்: பெயின்ட் தடிப்பு அளக்கிற மீட்டர் வச்சுப் பார்த்துட்டுத்தான் சொன்னேன். 120 மைக்ரோன் காட்டுச்சு. 120-ல கொஞ்சம் போனா என்ன கொறஞ்சிரும்?

லிந்துலைக்காரன்: 120-ங்கிறது அடியில அடிக்கிற பிரைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்ந்த கணக்கு. அதை விடுங்க. 86-க்கு பொனட் அலுமினியம். உங்க கையில இருக்கிற காந்த மீட்டர் அதுல வேலையே செய்யாது. 120 எங்கிருந்து வந்துச்சு?

ஹட்டன் பாஸ்: கதவுல வச்சேன்.

லிந்துலைக்காரன்: கீறல் பொனட்டுல, அளந்தது கதவுல! வெள்ளைத் தண்ணி மாதிரியே இதுவும்.

பண்டாரவளை மச்சான்: 86 எல்லாம் ஒரு ஸ்போர்ட்ஸ் காரா? 200 குதிரைவலுவ வச்சு ரம்பொடை ஏத்தத்துல என்னத்த கிழிக்கப் போறீங்க?

லிந்துலைக்காரன்: உங்க வேனை மஹகஸ்தோட்ட மலையேத்தப் போட்டிக்குக் கொண்டு வாங்க, அங்க பேசுவோம். பாஸ், கிளியர்லதான் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற மருந்து இருக்கு. மெலிசாக்கினா கொஞ்ச நாள்ல தோல் மாதிரி உரியும்.

ஹட்டன் பாஸ்: நுவரெலியால ஏது வெயில்? காலையில இருந்து மிஸ்ட்டு.

லிந்துலைக்காரன்: 1,868 மீட்டர் உயரம். மேல போகப் போக அந்தக் கதிர் கூடும். மிஸ்ட் கலைஞ்சதும் மூக்கு கறுக்குதே, ஏன்னு நெனைச்சீங்க?

ஹட்டன் பாஸ்: படிச்சதெல்லாம் சரி. போன ஏப்ரல் சீசன்ல பம்பர் அடிச்ச மிச்சக் காசு எங்க?

லிந்துலைக்காரன்: பம்பர் ஒரு கலர், ஃபெண்டர் ஒரு கலர். அதுக்குக் காசு வேறயா?

ஹட்டன் பாஸ்: வெயில்ல வச்சுப் பார்த்தா எதுவுமே ஒரே கலரா தெரியாது.

லிந்துலைக்காரன்: இப்பத்தான் நுவரெலியால வெயிலே இல்லன்னீங்க!

86 தம்பி: அண்ணே, பொனட்டை நனைச்சு வச்சுட்டேன். தேய்க்கவா வேணாமா?

ஹட்டன் பாஸ்: தேய். வெள்ளைத் தண்ணி வந்தா பயப்படாதே, கலர்த் தண்ணி வந்தா நிப்பாட்டு.

லிந்துலைக்காரன்: கலர்த் தண்ணி வந்ததுக்கப்புறம் நிப்பாட்டி என்னய்யா பிரயோசனம்?

ஹட்டன் பாஸ்: முதல்ல பம்பர் காசைக் கொடுத்துட்டுப் பேசுங்க.