புதுப்பிப்பு: 4294967297 பகா எண்ணா?

படிவம் ஐந்து படிக்கும் அக்கா மகள் கொண்டுவந்த 4294967297 பகா எண்ணா என்று இங்கே கேட்டிருந்தேன். 2-ஐ 32 முறை பெருக்கி 1 கூட்டினால் வருவது. பதில்: இல்லை. 641 × 6700417.

2-ஐ 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போகும் முறை பெருக்கி 1 கூட்டினால் வருபவை ஃபெர்மா எண்கள். இந்த வகை எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 3, 5, 17, 257, 65537 வரை சரி. அடுத்த இதை 1732-இல் கணித அறிஞர் ஆய்லர் உடைத்தார்.

வழி காட்டியது, சுங்கை சிப்புட் ஊரின் ஒட்டுக்கடையில் தே தாரேக் தேநீரோடு இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். “ஏம்மா, 3, 7, 11-ன்னு வரிசையா வகுக்கிறே? 128-இன் மடங்கோட ஒண்ணு கூட்டிப் பாரு” என்றார். இந்த எண்ணின் பகாக் காரணிகள் அப்படி மட்டுமே வரும். 129, 257, 385, 513, 641: இதில் பகா எண்கள் 257-உம் 641-உம்தான். 257-ஆல் வகுத்தால் மீதி 2. 641-ஆல் மீதியே இல்லை!

அப்புறம், 6700417 பகா எண்தானா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம். அதன் வர்க்கமூலம் வரை பார்த்தால் போதும் என்பதால், அதே விதிப்படி, ஏற்கெனவே மீதி வந்த 257 போக 641, 769, 1153, 1409 நான்கால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும், எதுவும் ஒத்துவராது. கால்குலேட்டரே வேண்டாம், பேனாவே போதும்.

அடுத்த ஃபெர்மா எண்ணுக்கு 20 இலக்கம். அதை 274177 வகுக்கும். அதைக் கையால் தேட எனக்குப் பொறுமை இல்லை.