கர்ப்பிணிகளுக்கான உளவளத்துணை: எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது?

கேள்வி (உளவளத்துணையாளர், முல்லைத்தீவு மாவட்டம்):
கிளினிக்கிலிருந்து என்னிடம் அனுப்பப்படும் கர்ப்பிணிகளிலும் பிள்ளை பெற்ற தாய்மாரிலும் பலர் முதல் நாளோடு நின்றுவிடுகிறார்கள். ஒரு நாள் கூலியை விட முடியவில்லை, பஸ்ஸுக்குக் காசில்லை, கிழமைக் கடன்காரர் வரும் நாளில் வீட்டை விட்டு நகர முடியாது. வருபவர்களும் “எனக்கு விசர் இல்லை மிஸ்” என்று சொல்லிவிட்டு மௌனமாகிறார்கள். படித்த முறையை இவர்களுக்காக எவ்வளவு தூரம் மாற்றலாம்?

பதில் 1 (குடும்பநல உத்தியோகத்தர், கிளிநொச்சி):
மனச்சோர்வு என்ற சொல்லை எந்தத் தாயும் என்னிடம் சொன்னதில்லை. “ஒரே யோசனை”, “நெஞ்சு அடைக்குது” என்றுதான் சொல்வார்கள். நீங்களும் அந்தச் சொற்களிலிருந்தே தொடங்குங்கள். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் மூன்று முறை போயும் என்னிடம் வாய் திறக்கவில்லை. நான்காம் முறை அவரோடு முற்றத்தில் இருந்து கச்சான் உடைத்தேன். மாமியார் கடைக்குப் போன பிறகு, கையிலிருந்த கோதைப் பார்த்தபடியே, இரவில் நித்திரை இல்லை என்றார். ஆளில்லாத அந்தப் பத்து நிமிடத்தைத் தேடிக் கொடுப்பதும் நம் வேலைதான்.

பதில் 2:
பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் உளவியல் படிக்காத சுகாதாரப் பணிப்பெண்களே பயிற்சி பெற்று, மனச்சோர்வுள்ள கர்ப்பிணிகளிடம் கர்ப்பத்தின் கடைசி மாதம் முதல் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். குழந்தையின் நலனை முன்வைத்ததால் குடும்பத்தாரும் தடுக்கவில்லை. பிரசவித்து ஆறு மாதமானபோது அவர்கள் சென்றுவந்த தாய்மாரில் 23 சதவீதமானோருக்கும், இந்தப் பயிற்சி பெறாத பணிப்பெண்கள் சென்றுவந்த தாய்மாரில் 53 சதவீதமானோருக்கும் மனச்சோர்வு இருந்ததென 2008 இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், வறிய கர்ப்பிணிகளுக்காக ஆட்களுக்கிடையிலான உறவுகளை மையமாகக் கொண்ட சிகிச்சையை எட்டு அமர்வுகளாகச் சுருக்கினார்கள். அதற்கு முன்னதாக, வருவதற்கு என்ன தடை என்பதை மட்டும் கேட்டறிய ஒரு சந்திப்பை வைத்தார்கள். இடம், நேரம், சொல் எல்லாம் மாறலாம். சிந்தனையையும் உறவுச் சிக்கலையும் எடுத்துப் பேசி, அடுத்த கிழமைக்குள் செய்யக்கூடிய ஒரு சிறு செயலைச் சேர்ந்து தீர்மானிப்பதை விட்டுவிட்டால், மிஞ்சுவது ஆறுதல் வார்த்தை மட்டுமே.

பதில் 3 (இரண்டு பிள்ளைகளின் தாய், வவுனியா வடக்கு):
எனக்கு உதவியவர், பிள்ளை நித்திரையான பிறகு தொலைபேசியில் எடுப்பார். கடனைப் பற்றி அவர் முதலில் கேட்டபடியால்தான் மற்றதைச் சொன்னேன்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இனி முதல் சந்திப்பில் தடைகளைத்தான் கேட்கப்போகிறேன். தாய்மாரின் மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ வினாக்கொத்தின் பத்தாவது கேள்வியான, தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணத்தைப் பற்றியதை, மாமியார் பக்கத்தில் இருக்கும் வீட்டில் எப்படிக் கேட்கிறீர்கள்?

பதில் 1:
வீட்டில் கேட்பதில்லை. கிளினிக்கில் நிறை பார்க்கும்போது தனியாக அழைத்துக் கேட்பேன். ஆம் என்றால் அன்றே வைத்தியரிடம் கூட்டிச் செல்வேன். 1926 என்ற மனநல உதவி இலக்கத்தையும் கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் எழுதிக் கொடுப்பேன்.